நெட்டை எழுத்து

மைசூரு, சரஸ்வதிபுரம்
10 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். இங்கே மழை பிடித்துக்கொண்டது, குடை ஒன்றைத் தொலைத்துவிட்டேன், திட்டாதீர்கள். மலையில் குளிர் எப்படி? ஜோதி அண்ணிக்கு முட்டிவலி தேவலையா?

நேற்றுக்கூடப் போனில் பேசினவள் இன்றைக்கு எதற்குக் கடிதம் போடுகிறாள் என்றுதானே பார்க்கிறீர்கள்? காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். எழுத்து வித்தியாசமாக இல்லை? இது முழுக்க நான் வரைந்து அச்சடித்தது. எல்லா எழுத்தும் ஒரே உயரம், ஒரே தடிமன், ஒல்லியோ ஒல்லி. நேர்கோடும் அரைவட்டமும் தவிர வேறு எதுவுமே கிடையாது. முனைகள் மட்டும் பஸ் ஜன்னல் மூலை மாதிரி மழுங்கியிருக்கும். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து வர வேண்டிய எழுத்து என்று ஆபீஸில் சொல்கிறார்கள். நான் வைத்த பெயர் நெட்டை.

கோயம்புத்தூரில் மின்சார பஸ் செய்கிற ஒரு கம்பெனிக்காக இது. பஸ் நெற்றியிலும் நிறுத்தத்திலும் இதே எழுத்து வர வேண்டும். கர்நாடகத்திலும் ஓடுமாம், அதனால் கன்னடத்தையும் இங்கிலீஷையும் எங்கள் ஆபீஸ் லீலா மேடம் முடித்துவிட்டார். தமிழ் என் தலையில். சரியாக வராவிட்டால் போர்டில் வெறும் இங்கிலீஷ் போதும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அக்டோபரில் முடிவு சொல்வார்கள்.

எங்கள் ஆபீஸில் எல்லோரும் எழுத்து வரைகிறவர்கள். எதைக் காட்டினாலும் படித்துவிடுவார்கள். எனக்கு வேண்டியது பஸ்ஸுக்கு நிற்கிற ஆளின் கண். அப்பா போன பிறகு கொளத்தூர் ஹாஸ்டலில் என்னைச் சேர்த்துவிட்டு மாதம் தவறாமல் கடிதம் போட்டீர்களே, அந்தக் கண்ணை விட்டால் எனக்கு வேறு கண் ஏது? போனில் கேட்டால் எதற்கும் "சூப்பரா இருக்குது அம்மிணி" என்பீர்கள். அதனால் கடிதம். எங்கே தடுக்கியது என்று எழுதிப் போடுங்கள். நீங்கள் ஒரே மூச்சில் படித்தால் நெட்டை நிற்கும். முடியாவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய குண்டு எழுத்துக்கே போய்விடுகிறேன். சத்தியமாக.

அண்ணிக்கு என் அன்பு.
உங்கள் குழலி


மாதேஸ்வரன் மலை
27 ஜூன் 2025

அன்புத் தங்கை பூங்குழலிக்கு அண்ணன் மகேந்திரன் வரையும் மடல்.

இங்கு யாவரும் நலம். அங்ஙனமே தங்கள் நலமும் விழைகிறோம். தங்கள் மடல் கிடைக்கப்பெற்று மட்டற்ற மகிழ்ச்சி எய்தினோம். எமது வலக்கை மணிக்கட்டு சுளுக்குற்ற காரணத்தால் யாம் சொல்லச் சொல்ல, நமது கடைக்குத் தேநீர் அருந்த வந்த அன்பர் ஒருவர் இதனை எழுதுகின்றார். கோயிலின் அமாவாசைக் கூட்டத்தால் காலம் தாழ்ந்தது.

தங்கள் எழுத்து மிகவும் கம்பீரமாக உள்ளது. ஆயினும் மூன்று சுழி ணகரம் சீப்பின் பல் போல் நெருங்கி நிற்பதால் இரு இடங்களில் தடை ஏற்பட்டது. ஏனைய யாவும் நன்று. தாங்கள் குடை வாங்கிக்கொள்ளவும். மழையில் நனைதல் கூடாது.

தங்கள் அண்ணியாரின் முழங்கால் நலமே.

இங்ஙனம்,
மகேந்திரன்


மைசூரு
6 ஜூலை 2025

அண்ணா!

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. "தங்கள் அண்ணியார்" என்பதை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். டீ குடிக்க வந்தவர் தாலுகா ஆபீஸ் ஆளா? அடுத்த தடவை வேறு ஆளைப் பிடியுங்கள்.

மணிக்கட்டை ஏன் போனில் சொல்லவில்லை? இத்துடன் தைலம் அனுப்புகிறேன். டீ ஆற்றும்போது அவ்வளவு உயரத்துக்குத் தூக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

நீங்கள் சொன்ன ண எனக்கும் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. அண்ணன் கண் என்றால் சும்மாவா! தமிழ் எழுத்தின் அகலத்தைக் குறைப்பதில் பெரிய தலைவலியே அதுதான். மூன்று சுழியையும் ஒல்லியாக்கினால் கம்பி வேலி மாதிரி ஆகிவிடுகிறது. முதல் இரண்டைக் கொஞ்சம் தாழ்த்தி உள்ளே காற்று விட்டிருக்கிறேன். இந்தத் தாளில் புது ண. கூடவே நாற்பது ஊர்ப் பெயரும் அச்சடித்திருக்கிறேன். "மாதேஸ்வரன் மலை" குண்டு எழுத்தில் போர்டைத் தாண்டி வழியும். நெட்டையில் அடங்கி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம். உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். வினய் என்று ஒருவர். இங்கேயே ஹெப்பாளில் கம்ப்யூட்டர் வேலை. கன்னடக்காரர். ஒரு வருஷமாகத் தெரியும். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். எனக்கும் பிடித்திருக்கிறது. நீங்கள் சரி என்றால் மட்டும்தான் மேலே பேசுவேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. கடையில் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்க்கிறீர்கள்.

கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
குழலி


மாதேஸ்வரன் மலை
26 ஜூலை 2025

அன்புள்ள குழலிக்கு அண்ணன் எழுதுவது.

நாங்க நல்லா இருக்கறோம். நீ நல்லா இருக்கறயா? நேரத்துக்குச் சாப்பிடறயா? தைலம் வந்துது. கை பரவால்ல. ஆடி அமாவாசைக்குச் சனம் நெரிஞ்சு போச்சு. இப்பத்தான் மூச்சு விட நேரம். எழுதித் தர்றது தர்மபுரியிலிருந்து வந்த வைஷாலிங்கற பொண்ணு, காலேஜு படிக்குது. அக்கா, நான் அவர் சொல்றதை அப்படியே எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

புது ண நல்லா இருக்குது. ஆனா இ புரியலை, நாற்காலி மாதிரி இருக்குது. ஊர்ப் பேரெல்லாம் டக்கு டக்குன்னு வந்துது. ஒகேனக்கல் மட்டும் ரெண்டாந்தரம் பார்க்க வேண்டியதாப் போச்சு. அதைத் திரும்பப் படி கண்ணு. ஆங், அது போதும்.

அந்த இன்னொரு சங்கதி எழுதியிருந்தியே, அதை இனிமே காயிதத்துல எழுதாதே. அதோட நிறுத்திக்கோ. உனக்கு நல்லது கெட்டது தெரியும்.

குடை வாங்கினயா?
மகேந்திரன்


மைசூரு
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

சுகம். குடை வாங்கிவிட்டேன்.

"அதோட நிறுத்திக்கோ" என்ற வரியைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கலாம். போனிலும் நீங்கள் அதைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. சரி, எழுதாதே என்றீர்கள், எழுதவில்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஜூனில் நீங்கள் தடுக்காமல் படித்த இ, ஜூலையில் எப்படி நாற்காலி ஆனது? நான் அதைத் தொடவே இல்லையே. லீலா மேடம் கேட்கிறார், ஒரே ஆளின் கண் மாதத்துக்கு மாதம் மாறுமா என்று. என் மனது நோகக்கூடாது என்று ஏதாவது ஒரு குறையை ஒப்புக்குச் சொல்கிறீர்களா? அப்படி இருந்தால் வேண்டாம் அண்ணா. நிஜத்தைச் சொல்லுங்கள். நெட்டை உங்களுக்கு ஓடவில்லை என்றால் நான் சொன்ன சத்தியப்படி இத்தோடு விட்டுவிடுகிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
பூங்குழலி


மாதேஸ்வரன் மலை
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள குழலிக்கு,

சுகந்தானே கண்ணு? இங்க எல்லாரும் சுகம். உன் காயிதம் கேட்டு மனசு சங்கடமாப் போச்சு. எழுத்து ரொம்ப நல்லா இருக்குது. இ நல்லாத்தான் இருக்குது, போன தடவை சொன்னதை விட்டுடு. நீ அதை விடாதே. கோபமெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்லை. நேர்ல வர்றப்போ பேசிக்கலாம்.
அண்ணன் மகேந்திரன்

உங்க அண்ணன் சொன்னது இத்தோட முடிஞ்சுது அம்மா. இனி எழுதறது என் சொந்த வார்த்தை. என் பேர் பூவாத்தாள், ஊர் கொளத்தூர். பால்வாடியில டீச்சரா இருந்து ஓய்வு வாங்கினவ. உங்க அண்ணன் எதிர்லதான் டீ ஆத்திக்கிட்டு நிக்கறார். "இன்னும் என்னங்க எழுதறீங்க?"ன்னார். "விலாசம்"னு சொல்லிட்டேன்.

அவருக்குத் தமிழ் படிக்க வராது அம்மா. கன்னடம் பேப்பர் பூரா படிப்பார். தமிழ் பேசறதோட சரி. கர்நாடகத்துல, ஹனூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்துல படிச்சவர், அங்க கன்னடந்தானே? உங்க அண்ணிக்கும் அதே கதைதான். உங்க காயிதம் வந்தா அமாவாசை வரைக்கும் கல்லாப்பெட்டியில வெச்சிருந்து, தமிழ்நாட்டுச் சனம் வந்ததும் ஆளைப் பிடிச்சுப் படிக்கச் சொல்றார். ஒருத்தர் தடுக்கினா இன்னொருத்தர்கிட்ட குடுக்கறார். யார் யார் எங்கெங்க தடுக்கினாங்களோ அதைத்தான் உங்களுக்குச் சொல்லியனுப்பறார். அவர் கையில சுளுக்கும் இல்லை ஒண்ணும் இல்லை.

உங்க கல்யாண விஷயத்தை அந்தக் காலேஜுப் பொண்ணு பத்துப் பேர் நடுவுல சத்தமாப் படிச்சிடுச்சாம். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்களாம். "எந் தங்கச்சி சங்கதி சந்திக்கு வந்துடுச்சே"ன்னு அவருக்கு அழுகையே வந்துடுச்சுன்னு உங்க அண்ணி சொன்னாங்க. அதுக்குத்தான் எழுதாதேன்னது. கோபத்துல இல்லை.

பதினேழு வருசத்துக்கு முன்னாடி இதே கடையில நான் ஒரு காயிதம் எழுதிக் குடுத்திருக்கேன், எங்கூர் ஹாஸ்டல் விலாசத்துக்கு. அது நீங்கதான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. சொல்லாம இருக்க மனசு கேக்கலை. என் விலாசம் கீழே போட்டிருக்கேன்.


மைசூரு
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பூவாத்தாள் அம்மாவுக்கு,

வணக்கம். சுகமாக இருக்கிறீர்களா? முகம் தெரியாத உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் பெட்டியைத் திறந்து அண்ணனின் பழைய கடிதங்களை எடுத்தேன். தொலைந்தது போக நாற்பத்தொரு கடிதம், எண்ணிப் பார்த்தால் முப்பத்து மூன்று கையெழுத்து. எழுத்தின் கால் எங்கே வளைகிறது, சுழி எங்கே மூடுகிறது என்று பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அறை அறையாக இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள் இதைப் பார்க்கவில்லை. பத்து வயதில் நான் எழுத்தையா பார்த்தேன்? அண்ணன் போட்ட கடிதம், அவ்வளவுதான். உங்கள் கையெழுத்தும் அதில் இருக்கிறது. "காய்ச்சல்னா ஆயாகிட்ட சொல்லு, மறைக்காதே" என்று முடிகிற கடிதம்.

என் மேல் எனக்கே கோபம் வருகிறது. படிக்க முடியாதவரைப் பிடித்து, நீங்கள் படித்தால்தான் ஆச்சு என்று சத்தியம் வேறு செய்து உயிரை வாங்கியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தால் கூசிப்போய்விடுவார். அதனால் கேட்கப் போவதில்லை. வேறு ஒன்று செய்யப்போகிறேன். நீங்களும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மைசூருக்கு வந்தால் என் அறையில்தான் தங்க வேண்டும்.
உங்கள் பூங்குழலி


மைசூரு
2 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

சுகம். லீலா மேடத்துக்கும் ஒரு பிரதி வேண்டுமாம், அவருக்குத் தமிழ் வராது. அதனால் இந்த ஒரு கடிதத்தை மட்டும் கன்னடத்தில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட நான்கு தாள் இருக்கிறது. இடது பக்கம் மேடம் வரைந்த கன்னட எழுத்து, வலது பக்கம் அதே ஒலிக்கு நான் வரைந்த தமிழ் எழுத்து. இரண்டும் ஒரே உயரமாக, அண்ணன் தங்கை மாதிரி இருக்கிறதா என்று யாராவது நிதானமாகப் பார்க்க வேண்டும். கன்னடம் நன்றாகத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று மேடம் சொன்னார். எனக்கு உங்களைத் தவிர வேறு யார்? அவசரமே இல்லை. தினம் ஐந்து எழுத்து பார்த்தால் போதும். பென்சிலால் மேலேயே வரைந்து பார்த்தால் இன்னும் நல்லது, கோணல் தெரிந்துவிடும். தாள் வெளியாட்கள் கண்ணில் படக்கூடாது என்று கம்பெனியில் கண்டிப்பு. அதனால் கடையில் யாருக்கும் காட்ட வேண்டாம்.

அந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை அண்ணா. துளிகூட இல்லை.

மணிக்கட்டுக்கு இன்னொரு தைலம் வைத்திருக்கிறேன்.
குழலி


மைசூரு
3 அக்டோபர் 2025

அண்ணா,

சுகமா? அண்ணி சுகமா?

தசரா நேற்று முடிந்தது. தெருவெல்லாம் சாமந்திப் பூ. மகாளய அமாவாசை போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. உங்கள் கடிதம் வரவில்லை. போனில் கேட்டால் "பார்த்துக்கிட்டு இருக்கறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள்.

இந்தக் கடிதத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து வந்து நெட்டையைப் பார்த்தார்கள். ஒருவர் சொன்னார்: "பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் இது தமிழ் மாதிரி இல்லை. எந்தக் கையும் இப்படி எழுதாது. கை எழுதாததைக் கண் எப்படிப் படிக்கும்?" பதினேழாம் தேதி கடைசிக் கூட்டம். எனக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. விட்டுவிடலாமா அண்ணா?

ஒரு வரி போடுங்கள்.
குழலி


மாதேஸ்வரன் மலை
13 அக்டோபர் 2025

அன்புள்ள குழலி,

இது என் கை. வேற யாரும் எழுதலை. எழுத நாலு நாள் ஆச்சு.

நான் சுகம். ஜோதி சுகம். கை சுகம். கைக்கு எப்பவுமே ஒண்ணும் இல்லை. தைலத்தை ஜோதி முட்டிக்குத் தேச்சோம். நல்ல தைலம்.

நீ அனுப்பின தாளை முதல்ல ஸ்கேல் வெச்சு அளந்தேன். எல்லாம் ஒரே உயரம். ரெண்டு நாள் அளந்தேன். அப்புறந்தான் உரைச்சுது. டீக்கடைக்காரனை எழுத்து அளக்கச் சொல்லுவாங்களா? உனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு புரிஞ்சுது. கடைக்குப் பின்னாடி போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன். அப்புறம் பென்சில் எடுத்தேன்.

நீ ஹாஸ்டல் போன புதுசுல நான் கன்னடத்துல ஒரு காயிதம் போட்டேன். புள்ளைங்க எல்லாம் பிடுங்கிப் பார்த்துச் சிரிச்சாங்க, தமிழ்ல போடுங்கண்ணான்னு நீ அழுதே. உனக்கு ஞாபகம் இருக்காது. அப்ப உனக்குப் பத்து வயசு. அதுக்கப்புறம் உன்னை யாரும் சிரிக்கக்கூடாதுன்னு ஆளைப் பிடிச்சேன். இத்தனை வருசம் அப்படியே ஓடிப்போச்சு.

கன்னடத்துல நாலு க. நீங்க தமிழ்ல ஒரே க வெச்சு நாலுக்கும் பிழைக்கறீங்க. கெட்டிக்காரங்க. ஒரு எழுத்துக்கு மட்டும் எதிர்ல கன்னடம் இல்லை, காலியா விட்டிருந்தே. அது என்னன்னு மூணு நாள் தெரியலை. உன் காயிதத்துல கடைசியா நீ போடற பேரைப் பார்த்தேன். கு இருந்துது, லி இருந்துது. நடுவுல அது. ழ. உன் பேரை வெச்சு நானே கண்டுபிடிச்சேன்.

உன் காயிதத்தைப் படிச்சேன். ஒரே மூச்சுல இல்லை. மூணு நாள் ஆச்சு. ஆனா நானே படிச்சேன். கவர்மெண்டு பஸ் போர்டுல குண்டு எழுத்து இருக்குது பாரு, அது எனக்குச் சுத்தமா ஓடலை. எல்லாம் உருண்டை உருண்டையா இருக்குது. நீ போட்டதுதான் ஓடுது. எனக்குத் தெரிஞ்ச தமிழ் நெட்டைதான். வேற மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

எந்தக் கையும் இப்படி எழுதாதுன்னு சொன்னாங்களாமே. இந்தக் காயிதத்தை எடுத்துட்டுப் போய் அவங்க முன்னாடி வை. விடாதே.

அப்புறம் அந்தத் தம்பி வினய் யாரு, எப்படி, எல்லாம் விவரமா எழுது. பெரிய எழுத்தா அடி. இனி உன் காயிதத்தை நான் மட்டுந்தான் படிப்பேன்.

அண்ணன்
மகேந்திரன்